மதகடியில் கேட்ட பின்னணி இசை

எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குத்தான் குடிபோவான். நானும் அப்படித்தான் அக்கரைப்பற்றிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்தேன். வீடு என் மனைவியின் பெயரில் இருக்கிறது. பின்னறையில் மாமி, அதாவது மனைவியின் உம்மா. மாமா எங்கள் கலியாணத்துக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் பெண் வெளிநாட்டுக்குப் போய் மாப்பிள்ளை மட்டும் பெண் வீட்டில் மிஞ்சினால், அவன் அந்த வீட்டில் எந்தக் கதிரையில் உட்காருவது என்று யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை.

என் மனைவி டொக்டர். சத்திரசிகிச்சைக்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கும் துறை. விசேட வைத்தியராவதற்கான படிப்பின் கடைசிப் பகுதியை வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் முடிக்க வேண்டும். இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊரில் இடம் கிடைத்தது. ஒரு வருடம் என்றுதான் போனாள். மகளுக்கு அப்போது எட்டு வயது. நானும் மகளும் மாமியும் அந்த வீட்டில் மூன்று மூலையில் இருந்துகொண்டு, நடுவில் ஒருத்தி இல்லாததைச் சுற்றி நடந்து பழகினோம்.

எங்கள் வீட்டில் பாட்டுக்காரி அவள்தான். உடுப்பு அயர்ன் பண்ணும்போதும் மீன் கழுவும்போதும் மகளுக்குத் தலை வாரும்போதும், பாதி வரியைச் சரியாகவும் மீதியைத் தன் இஷ்டத்துக்கும் பாடுவாள். போன புதிதில், வேலைக்குப் போகும் ரயிலில் கேட்ட பாட்டை அன்றன்றே எனக்குப் போனில் அனுப்பிவிடுவாள். நானும் கேட்பேன். அப்புறம் ஒரு கட்டத்தில் பாட்டு வருவது நின்றுவிட்டது. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டேன்.

"பாட்டில சொல்லு வந்தா தாங்க ஏலாம இரிக்கி," என்றாள். "ரெயில்ல ஏறிப் பாட்டப் போட்டா, ரெண்டாவது வரியிலயே நம்மட குசினி, அடுப்படி எல்லாம் வந்திடுது. இறங்கக்குள்ள கண்ணெல்லாம் செவந்து போகுது. நேர்ஸ்மாரு என்ன, என்னண்டு கேக்காங்க. நான் என்னத்தச் செல்ற?"

அதன் பிறகு அவள் அனுப்பியது பாட்டில்லை. சொல்லே இல்லாத, ஏழெட்டு நிமிடம் நீளும் ஒரு வாத்திய இசை. ஏதோ ஓர் ஆங்கிலப் படத்துக்குப் பின்னணியாகப் பெரிய இசைக்குழு ஒன்று வாசித்தது. அவள் வேலை செய்யும் ஒப்பரேஷன் தியேட்டரில் பெரிய டொக்டர் இப்படிப்பட்ட இசையைத்தான் மெல்லப் போட்டு வைப்பாராம். சொல் இருந்தால் கை நின்றுவிடும் என்பாராம் அவர். என் மனைவி நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே மணிக்கணக்காக அதைக் கேட்டிருக்கிறாள்.

"படத்தப் பாக்காதீங்க," என்று குரல் செய்தியில் சொன்னாள். "நானும் பாக்கல்ல. இத மட்டும் கேளுங்க."

நான் நீர்ப்பாசன அலுவலகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வேலை முக்கால்வாசியும் மோட்டார் சைக்கிளில்தான். சம்மாந்துறைப் பக்கம் வயல்களுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால்களின் கரையோடு போய், எந்த மதகு எவ்வளவு திறந்திருக்கிறது, எங்கே கரை அரித்திருக்கிறது, யார் முறை தப்பித் தண்ணீர் எடுத்திருக்கிறார் என்று பார்ப்பேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது ஒரு மதகடியில், மருத மர நிழலில் பார்சலைப் பிரிப்பேன். அங்கே அவளுக்கு அதுதான் காலை ரயில் நேரம்.

அவள் அனுப்பியதை அப்படி ஒரு மர நிழலில்தான் முதல் தடவை கேட்டேன். பிடிக்கவில்லை. தொடக்கத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். திடீரென்று இடி இடித்தது. குறைத்தேன். மறுபடியும் ஒன்றும் இல்லை. பாட்டு என்றால் ஒரு பல்லவி வரும், போகும், திரும்ப வரும். எங்கே நிற்கிறோம் என்று தெரியும். இதில் எனக்கு ஒரு பிடியும் கிடைக்கவில்லை. ஆனால் அவள் கேட்பதை நானும் கேட்க வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. அன்று பின்னேரம் வீட்டில், சாப்பாட்டு மேசையில் போனை வைத்து மறுபடியும் போட்டேன்.

மாமி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார்.

"மகன், பாட்டுக்காரன் எப்ப பாடத் தொடங்குவான்?"

"இதில பாடுற ஆள் இல்ல மாமி."

"அப்ப இவ்வளவு நேரமும் ஆருக்குக் கொட்டகை போடுறானுகள்?" என்று கேட்டுவிட்டுக் கீரையைக் கழுவ எழுந்து போனார். போகிற போக்கில், "பாங்கு சொல்லக்குள்ள மட்டும் நிப்பாட்டிப் போடுங்க," என்றார்.

எனக்குள் அந்த இசை நுழைந்தது, கோடைப் பயிரான சிறுபோகத்துக்கு முதல் தண்ணீர் திறந்த நாளில். வாய்க்கால் மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்து, அடியில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மேல் மதகைத் திறந்துவிட்டோம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். நான் கீழே, கடைசிக் கிளை பிரியும் இடத்தில் நின்றேன். நாலைந்து விவசாயிகள் கரையில் குந்தியிருந்தார்கள். தண்ணீர் வந்து சேர நேரம் எடுக்கும். நான் தள்ளிப் போய், ஒரு காதில் மட்டும் அந்த இசையைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் முதலில் தண்ணீராக வராது. அதற்கு முன்னால் ஒரு சத்தம் வரும், தூரத்தில் யாரோ காகிதத்தை மெல்லக் கசக்குவது போல. அப்புறம் காய்ந்த இலையும் குப்பையும் நுரையும் தாமாகவே நடந்து வருவது தெரியும். வெடிப்புக்குள் இருந்து பூச்சிகள் வெளியே ஓடும். அதற்குப் பின்னால்தான் தண்ணீர். என் காதிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. தடித்த குரலுள்ள வயலின்கள் அடியில் ஒரு சின்ன மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தன. அதன் மேல் இன்னொரு வாத்தியம் வந்து உட்கார்ந்தது. அதன் மேல் இன்னொன்று. வேகம் கூடவேயில்லை, அகலம்தான் கூடியது. கரையில் இருந்த ஒருவர், "இந்தா வருகுது," என்று எழுந்தார். இசை முழு வாய்க்காலாக ஓடத் தொடங்கியபோது, என் சப்பாத்துக்குக் கீழே தண்ணீர் மதகுக் கதவில் மோதி ஏறியது.

அன்று அவள் கூப்பிட்டாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டன். தண்ணி வந்திச்சி."

"எங்க?"

"ரெண்டு இடத்திலயும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது.

அதன் பிறகு நாங்கள் ஒன்றாகக் கேட்கத் தொடங்கினோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம் என்பதால் அன்று இல்லை. மற்ற வேலை நாட்களில் அவள் ரயிலில் ஏறி இடம் பிடித்ததும் கூப்பிடுவாள். நான் மதகடியில் இருப்பேன். "இப்ப" என்று சொல்லி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுத்திவிட்டுத் தொடர்பைத் துண்டிப்போம். அப்புறம் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சில்லை, இசை மட்டும்தான். ஒரு துண்டு முடிந்ததும் ஒரு சொல் எழுதி அனுப்புவோம். அவள் "பாலம்" என்று எழுதுவாள். நான் "மதகு" என்று எழுதுவேன்.

"ஒங்கட தண்ணி எனக்கு வரல்ல," என்று ஒருநாள் சண்டைக்கு வந்தாள். "அந்த இடத்தில எங்கட ரெயில் ஆத்துக்கு மேலால போகும். கீழ பனி. ஆடுகள் எல்லாம் ஒரே திக்கைப் பாத்துக்கிட்டு நிக்கும். அது பாலந்தான்."

"தண்ணி எண்டு வச்சிக் கேட்டுப் பாருங்களேன்."

"வச்செல்லாம் கேக்க ஏலா. வாறதுதான் வரும்."

அவள் சொன்னது சரி. நான் யோசித்துப் பார்த்தேன். படத்துக்கென்று செய்த இசையில், படம் இருக்க வேண்டிய இடத்தை விட்டுவைத்துத்தான் வாசித்திருக்கிறார்கள். ஒரு முகத்துக்கு, ஒரு வீதிக்கு, ஒரு பிரிவுக்கு இடம் விட்டு. தனியாகக் கேட்கிறவனுக்கு அந்த இடம் காலியாகக் கிடைக்கிறது. அதில் அவனவன் கையில் இருப்பதைக் கொண்டுவந்து வைக்கிறான். அவளிடம் ரயில் இருந்தது, பனி இருந்தது. என்னிடம் வாய்க்கால் இருந்தது. பாட்டாக இருந்திருந்தால் சொல் எங்கள் இரண்டு பேரையும் ஒரே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கும். அந்த இடம் எங்கள் குசினி. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வாத்தியங்களின் பெயர்களையும் அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள். பெரிய டொக்டரிடம் கேட்டு வந்து சொல்வாள். மூக்கால் அழுகிற மாதிரி ஒரு குழல் வரும். அது ஓபோ. தூரத்து மலையிலிருந்து யாரோ கூப்பிடுவது போல வருவது கொம்பு. செலோ என்றால் மடியோடு சாய்த்து வாசிக்கும் பெரிய வயலின். மதகு மதகாகப் போகிற நேரம் நான் இந்தப் பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன்.

படத்தைப் பார்க்காதீங்க என்று சொல்லியிருந்தாள் அல்லவா. அதைக் கெடுத்தது மகள். அவள் எப்படியோ அந்தப் படம் எது என்று கண்டுபிடித்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம் டீவியில் போட்டுவிட்டாள். "உம்மாட மியூசிக் வாற படம், வாப்பா," என்று என்னையும் இழுத்து உட்காரவைத்தாள். மாமியும் வந்து உட்கார்ந்தார்.

என் வாய்க்கால் எந்த இடத்தில் வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தது. நடுத்தர வயதுள்ள ஒரு வெள்ளைக்காரன் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கி, வாசலில் நின்ற காரில் ஏறினான். மேலே ஜன்னலில் ஒரு பெண் நின்றாள். அவ்வளவுதான். அதற்குள் காரோட்டியும் அவனும் ஏதோ பேசத் தொடங்கிவிட்டார்கள். இசை பேச்சுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. ஓபோ வருகிற இடத்தில் கார்க் கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

"கதைக்கிறாங்க வாப்பா. மியூசிக் கேக்குதில்ல," என்றாள் மகள்.

மாமிக்கு மட்டும் மிகவும் பிடித்துவிட்டது. "இப்பதான் வெளங்குது. அவன் பொண்டாட்டியை விட்டுட்டுப் போறான். அதுக்குத்தான் அந்த அழுகை," என்றார். அதற்குப் பிறகு நான் எப்போது அந்தத் துண்டைப் போட்டாலும், "பாவம் அந்த மனிசன், போயே சேரல்ல இன்னும்," என்பார்.

எனக்கோ பெரிய தொல்லையாகிவிட்டது. மதகடியில் உட்கார்ந்து அழுத்தினால் அந்த மனிதன் பெட்டியோடு என் வாய்க்கால் கரையில் இறங்கி வந்தான். அவனை விரட்ட எனக்குப் பல வாரம் பிடித்தது. ஒருநாள் பார்த்தால் அவன் வரவில்லை. தண்ணீர் மட்டும் வந்தது. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். மனைவியிடம் இதையெல்லாம் சொன்னபோது, "என்ன நடக்குதெண்டு எனக்குச் செல்லிராதீங்க," என்று காதைப் பொத்திக்கொண்டாள். வீடியோவில் அது தெரிந்தது.

பிறகு ஒருமுறை அவள் கச்சேரிக்குப் போனாள். பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய மண்டபம். மேலே திரையில் எங்கள் இசை வரும் அதே படம் ஓடுமாம், கீழே மேடையில் முழு இசைக்குழுவும் இருந்து அந்தப் படத்துக்கான இசையை நேரிலேயே வாசிக்குமாம். தனியாக டிக்கட் எடுத்துப் போயிருக்கிறாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பின்னேரம். நான் கடற்கரைப் பக்கமாக, தோணிகளைக் கரையேற்றி வைத்திருக்கும் இடத்தில் நின்று அவளுடன் பேசிக்கொண்டிருந்தேன்.

"படத்தை நான் பாக்கவேயில்ல," என்றாள். "ஆக்களத்தான் பாத்துக்கிட்டு இரிந்தன். கடைசி வரிசையில ஒருத்தர். மடியில ரெண்டு பித்தளத் தட்டு. எல்லாரும் வாசிக்காங்க, அவர் சும்மா இரிக்கார். எவ்வளவு நேரம் தெரியுமா. எனக்கே பாவமாப் போச்சி. மறுகா எழும்பி நிண்டார். நிண்டுகிட்டே இரிந்தார். ஒரே ஒரு தரம் அடிச்சார். மறுகா இரிந்திட்டார்."

"எப்படிக் கேட்டிச்சி?"

"காதில இல்ல. நெஞ்சில கேட்டிச்சி. கதிரை அதிர்ந்திச்சி. நம்ம கேக்கிறது ஒண்டுமே இல்ல. அங்க எண்பது, தொண்ணூறு பேர் ஒண்டா மூச்சு விடுறாங்க. வயலின் வில்லெல்லாம் ஒரே நேரம் மேல போகுது. நீங்க இரிந்திருக்கணும்."

நீங்க இரிந்திருக்கணும் என்ற சொல் எனக்குள் போய் ஆழமாக உட்கார்ந்துவிட்டது. அதுவரை நாங்கள் இரண்டு பேரும் சமம். அவள் காதில் ஒரு சின்னக் கருவி, என் காதில் ஒரு சின்னக் கருவி. இப்போது அவள் கேட்டுவிட்டாள், நான் கேட்கவில்லை. நான் என் ஆயுளில் வயலினை அருகில் பார்த்ததில்லை. பாண்டிருப்புக் கோவில் திருவிழாக் காலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். தொண்ணூறு பேர் ஒன்றாக மூச்சு விடுவதை எங்கே போய்க் கேட்பது? கடல் மட்டும் அலையடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதைக் கேட்கவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஏக்கம் அவளைப் பற்றியதா, அந்த மண்டபத்தைப் பற்றியதா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வாய்க்கால் வாய்க்காலாகப் போகும்போது மனதுக்குள் ஒரு மண்டபம் கட்டினேன். இருண்ட மண்டபம். பக்கத்துக் கதிரையில் அவள். பித்தளைத் தட்டுக்காரர் எழுந்து நிற்கிறார்.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்துத்தான் அவள் அந்தச் செய்தியைச் சொன்னாள். "இன்னொரு வருஷம் இரிக்கச் செல்றாங்க. இரிந்தா பயிற்சிக்கு நல்லம். நான் ஓம் எண்டு செல்லட்டா?"

"ஓம் எண்டு செல்லுங்க," என்றேன். யோசிக்காமல் உடனே சொன்னேன். யோசித்திருந்தால் குரல் மாறியிருக்கும். மாமியிடமும் சொன்னேன். அவர் எழுந்து போய் என் கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். நான் கேட்கவில்லை, அவராகவே வைத்தார். எங்கள் வழக்கத்தில் இப்படியான விஷயங்களை மாமி மருமகனிடம் வாய்விட்டுக் கதைப்பதில்லை. அந்தத் தேநீர்தான் அவர் பேசியது.

நோன்புப் பெருநாளுக்கு அவள் லீவில் வந்தாள். அவள் வருவதற்கு முதல் வாரம் கல்முனைக் கடைத்தெருவுக்குப் போய் நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன். முன்னறை அலுமாரிக்கு மேல் வைத்தேன். தொண்ணூறு பேரும் அந்தப் பெட்டிக்குள் கொள்ளமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரே அறையில், ஒரே காற்றில், இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்கலாம். மாதக்கணக்காக இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெருநாளுக்கு அடுத்த நாள் அதற்கு வாய்த்தது. மாமியும் மகளும் உறவுக்காரர் வீடுகளுக்குப் போயிருந்தார்கள். அவள் முன்னறைச் சீமெந்துத் தரையில் தலையணை கூட இல்லாமல் மல்லாந்து கிடந்தாள். தரையின் குளிர்ச்சிக்காக அங்கேயும் ஏங்கியிருக்கிறாள். குளிர் நாட்டில் இருந்துகொண்டு தரைக் குளிர்ச்சிக்கு ஏங்கியதாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் இசையைப் போட்டேன்.

அடியில் செலோக்கள் தொடங்கின. அவள் சிரிப்பை நிறுத்தினாள். இசை நன்றாகவே கேட்டது. என் காதுக்குள் மட்டும் ஓடிய வாய்க்கால் அறை முழுவதும் ஓடியது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து, கால்களை மடக்கிக் கைகளால் கட்டிக்கொண்டாள். ஓபோ வருவதற்கு முன்பே சொன்னாள்.

"நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். "என்ன?"

"எனக்குக் குளிருது."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். அவள் கையை நீட்டிக் காட்டினாள். உண்மையாகவே மயிர்க்கூச்செறிந்திருந்தது.

"இது கேட்டா எனக்கு அந்த ஸ்டேஷன்தான். காலையில இருட்டு. கையுறையைப் போட்டுக்கிட்டு டிக்கட் எடுக்க ஏலாது, கழட்டினா விறைக்கும். வேலை முடிஞ்சி அறைக்குப் போய்க் கதவத் திறந்தா ஒருத்தரும் இல்ல. இது நான் தனிய இரிக்கிற சத்தம். வெளங்குதா? இத இந்த வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க."

நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"எனக்கு இது நீங்க," என்றேன். "நீங்க போனதில இரிந்து நான் ஒங்களத்தான் கேட்டுக்கிட்டிரிக்கன்."

அவள் என்னைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதே," என்றாள். பிறகு பக்கத்தில் வந்து தோளில் சாய்ந்துகொண்டாள். வெளியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் புது உடுப்போடு ஓடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அப்படியே இருந்தோம். நான் கட்டி வைத்திருந்த மண்டபத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் எழுந்து போய்விட்டது போல எனக்கு ஒரு வெறுமை. என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். அப்படியும் அந்த வெறுமை இருந்தது.

மீதி லீவு முழுவதும் வீட்டில் சொல் உள்ள பாட்டுத்தான். அந்த ஸ்பீக்கரிலேயே போட்டாள். கீரி மீன் பொரித்துக்கொண்டு பாடினாள். மகள் கூடப் பாடினாள். தாயைப் போலவே பாதி வரிகளைத் தானே உண்டாக்கிப் பாடினாள். மாமி பின்னறையிலிருந்து, "வெங்காயம் கருகுது, வெங்காயம் கருகுது," என்று குரல் கொடுத்தார். வீடு நிறைந்திருந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் சில நேரம் வேலைக்குப் போகும் வழியில், மதகடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது, அந்த ரயிலில் இருந்த பெண்ணை நினைத்தேன். ஒரு சொல் எழுதி அனுப்புகிறவளை. வீட்டில் என் மனைவி இருந்தாள், நான் அவளுக்காகவே ஏங்கினேன். இதை யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள்.

லீவு முடிந்தது. வேன் பிடித்துக் கொழும்புக்குப் போய் விமானத்தில் ஏற்றிவிட்டு வந்தோம். திரும்பி வரும் வழி முழுவதும் மகள் என் மடியில் தூங்கினாள்.

அதன் பிறகு நான் அந்த இசையைத் தொடவில்லை. அது அவளுக்குக் குளிர் என்று தெரிந்த பிறகு எப்படிக் கேட்பது? ஒன்றாக அழுத்திக் கேட்பதையும் நாங்கள் விட்டுவிட்டோம். காலை ரயிலில் அவள் கூப்பிடுவாள். மகளின் பரீட்சை, மாமியின் முழங்கால், மழை வருமா வராதா என்று கதைப்போம். வைத்துவிடுவோம். மதகடியில் சாப்பிடும்போது வெறும் காதோடு சாப்பிட்டேன். கொக்குகள் வந்து நின்றன. தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு மதகின் இரும்புக் கதவு இறுகிவிட்டது. திருத்துகிறவர் அம்பாறையிலிருந்து வர வேண்டும். காத்திருக்க வேண்டியதாயிற்று. வானம் மூடிக்கொண்டிருந்தது, வெயில் இல்லை. போனில் ஏதோ தேடும்போது கை பட்டு அந்தத் துண்டு ஓடத் தொடங்கியது. அவளுடன் பேச மாட்டிய காதுக் கருவி காதில்தான் இருந்தது. நிறுத்தப் போனேன். நிறுத்தவில்லை.

ரயில் வரவில்லை. அவள் வரவில்லை. என் வாய்க்கால்கூட வரவில்லை, உண்மையான வாய்க்கால் காலடியில் ஓடியும். பெட்டியோடு போன மனிதன் எப்போதோ போய்விட்டான். இசை மட்டும் இருந்தது. செலோக்களுக்கும் கீழே யாரோ கம்பியை விரலால் சுண்டிக்கொண்டே இருந்தார்கள். நான் இதுவரை அதைக் கேட்டதே இல்லை. ஒரு புல்லாங்குழல் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் விடுகிறது, மீதியைக் கிளாரினெட் எடுத்து முடிக்கிறது. கையிலிருந்து கைக்கு மாற்றுகிற இடம் தெரியவே இல்லை, அவ்வளவு பக்குவம். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இத்தனை நாளும் இதெல்லாம் இதற்குள்தான் இருந்ததா? முடிந்ததும் மறுபடியும் போட்டேன். மறுபடியும். அதில் ஏக்கம் இருந்தது. ஆனால் அது யாருக்காக என்று அதில் எழுதியிருக்கவில்லை. எழுதாததால்தான் அது அவ்வளவு பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன். திருத்துகிறவர் வந்து தோளில் தட்டியபோதுதான் சுயநினைவுக்கு வந்தேன்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளிடம் சொன்னேன். மறைக்க எனக்கு வரவில்லை. அவள் ரயிலில் இருந்தாள், நான் மதகடியில்.

"திரும்பக் கேக்கத் தொடங்கிட்டன்," என்றேன்.

"அதயா?"

"ஓம். ஒங்களுக்குக் கவலையெண்டாச் செல்லுங்க, விட்டுடுறன்."

"கேளுங்க. எனக்கென்ன." கொஞ்ச நேரம் ரயில் ஓடும் சத்தம். "நான் இப்ப நம்மட பாட்டுத்தான் கேக்கன். சொல்லோட. அழுகை வந்தா வரட்டும் எண்டு விட்டுட்டன். ரெயில்ல ஒருத்தரும் கிறுகித் திரும்பிப் பாக்கிறல்ல."

"நேர்ஸ்மாரு?"

"அவங்களுக்கு ஊர் ஞாபகம் எண்டு செல்லிட்டன். அவங்கள்ளயும் பாதிப் பேர் வேற நாடு. ஒருத்தி என்னையே கட்டிப் பிடிச்சி அழுதிட்டா." பிறகு கேட்டாள்: "இப்பவும் தண்ணி வருதா ஒங்களுக்கு?"

"இல்ல."

"நான் வாறனா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல," என்றேன். "இப்ப ஒண்டும் வரல்ல. மியூசிக் மட்டுந்தான் கேக்குது. கீழ ஒருத்தர் விரலால சுண்டுறார், அது நமக்கு இவ்வளவு நாளும் கேக்கவேயில்ல."

மறுபக்கம் ரயில் சத்தமும் அடங்கியிருந்தது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். இருந்தாள்.

"அது நல்லம்," என்றாள் கடைசியில். பிறகு, "ஆனா எனக்குக் கொஞ்சம் கவலையாவும் இரிக்கி," என்றாள்.

"எனக்கும்," என்றேன்.

அவள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் பெயரை யாரோ ஒலிபெருக்கியில் சொல்வது கேட்டது. வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். அவள் வருவதற்கு இன்னும் ஒரு மாரிப் போகம் இருக்கிறது. அதற்கு மேலும் இருக்கச் சொல்வார்களா, அவள் என்ன சொல்வாள், எனக்குத் தெரியாது. அன்று மழை பிடித்துக்கொண்டது. மதகுக் கதவை முழுவதும் இறக்கிவிட்டு, போனை நனையாமல் பையில் சுற்றி வைத்துக்கொண்டு, வாய்க்கால் கரையோடு அடுத்த மதகுக்குப் போனேன்.